போ-காப்பின் பழைய வீடும் நம் வீட்டுக் கிதாபுகளும்



தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், சிக்னல் ஹில் என்னும் குன்றின் சரிவில் போ-காப் என்ற முஸ்லிம் குடியிருப்பு உள்ளது. ‘கேப்பின் மேற்புறம்’ என்பது அச்சொல்லின் பொருள். கற்கள் பதித்த செங்குத்தான தெருக்கள், தோளோடு தோள் உரசி நிற்கும் சிறிய வீடுகள், அவற்றின் சுவர்களில் மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பூசப்பட்ட வண்ணங்கள், வீடுகளுக்கு நடுவே எழும் பள்ளிவாசல் மினாராக்கள். சுற்றுலாப் பயணிகள் வண்ணச் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு அலுவல் நிமித்தமாக அந்நகருக்குச் சென்றிருந்தபோது, வேல் வீதியின் 71-ஆம் எண் வீட்டில் அமைந்த போ-காப் அருங்காட்சியகத்தில் ஒரு முற்பகலைக் கழிக்கும் வாய்ப்பை அல்லாஹ் தந்தான்.

அவ்வீடு 1760-களில் கட்டப்பட்டது. அப்பகுதியில் தன் பழைய உருவம் மாறாமல் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடு அதுதான் என்கிறார்கள். முகப்பில் நம் ஊர் வீடுகளின் திண்ணையை நினைவூட்டும் ஒரு மேடை. அதன் இரு முனைகளிலும் அமர்வதற்குக் கட்டப்பட்ட இருக்கைகள். தெருவோடு போவோர் வருவோரை அழைத்துப் பேசுவதற்கென்றே அமைந்த இடம். அதைக் கண்டதும் நாகூரின் பழைய தெருக்களில் அஸருக்குப் பின் திண்ணைகளில் கூடும் பெரியவர்களின் முகங்கள் நினைவில் எழுந்தன. உள்ளே, 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் இல்லம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் காட்டும் வகையில் அறைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சுவர்களில் அம்மக்களின் நிழற்படங்கள். பெரிய மாளிகையன்று, அரை மணி நேரத்தில் சுற்றிவந்துவிடலாம். ஆனால் அவ்வறைகள் எழுப்பும் கேள்விகள் அவ்வளவு விரைவில் தீர்ந்துவிடுவதில்லை.

இந்த அருங்காட்சியகம் ‘இசிக்கோ’ என்னும் அமைப்பின் கீழ் இயங்குகிறது. கோசா மொழியில் அச்சொல்லுக்கு அடுப்பு, குடும்பம் கூடும் கணப்பு என்று பொருள். ஓர் அருங்காட்சியக அமைப்புக்கு அடுப்பின் பெயரா என்று முதலில் வியந்தேன். அம்மக்களின் வரலாற்றை அறிய அறிய, அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்று தோன்றியது. ஏனெனில் அங்கே தீனுல் இஸ்லாம் பிழைத்து நின்றது அரசவையிலோ மாபெரும் கல்விக்கூடங்களிலோ அன்று, அடுப்பெரியும் வீடுகளில்தான்.

இந்த வீடு ‘கேப் மலாய்’ மரபைச் சொல்லும் இடமாக அறியப்படுகிறது. மலாய் மரபைப் பற்றித் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ‘மலாய்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லின் அடியில் எத்தனை கடற்கரைகள் புதைந்து கிடக்கின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் நன்னம்பிக்கை முனையில் தன் கப்பல்களுக்கு உணவும் நீரும் தருவதற்காக ஒரு குடியேற்றத்தை நிறுவியது. அங்கு உழைப்பதற்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். அப்போது தொடங்கி 1808-இல் அடிமை வணிகம் தடை செய்யப்படும் வரை ஏறத்தாழ 63,000 மனிதர்கள் அடிமைகளாக அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். அவர்களில் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்தும் வந்தோர் பாதி. எஞ்சிய ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள்: வங்காளம், மலபார், இலங்கை, நம் சோழமண்டலக் கரை.

இதைப் பழைய பதிவேடுகளில் உள்ள பெயர்களே சொல்கின்றன. அடிமைகளுக்குத் தந்தையின் பெயரோ குலத்தின் பெயரோ எழுதப்படவில்லை. எசமானன் சூட்டிய ஒரு பெயர், அதன் பின் எந்த ஊர், எந்தக் கரை என்ற குறிப்பு, அவ்வளவுதான். வங்காளத்தின் இன்னார், மலபாரின் இன்னார், இலங்கையின் இன்னார், சோழமண்டலக் கரையின் இன்னார். 1657-இல் பத்தாவியாவிலிருந்து கேப்புக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு பெண், ‘பழவேற்காட்டின் கத்ரைன்’ என்றே பதிவாகியிருக்கிறாள். சென்னைக்கு வடக்கே, பழைய பள்ளிவாசலும் டச்சுக் கல்லறைகளும் இன்றும் அருகருகே இருக்கும் அதே பழவேற்காடுதான். டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம் முதலில் அங்கேயும், 1690 முதல் நாகப்பட்டினத்திலும் இருந்தது. 1659-க்கும் 1661-க்கும் இடையில் தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் சூறையாடியபோது, பசி பொறுக்க மாட்டாமல் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் நம் துறைமுகங்களிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் சென்றனர். ஆயினும் அந்த வணிகத்தின் கடல்வழிகள் கேப் வரை நீண்டிருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் கரையிலிருந்து சென்றோர் அனைவரும் முஸ்லிம்கள் என்று உரிமை கொண்டாடுவது உண்மைக்கு மாறானது. அவர்கள் பல சமயத்தவர். பலர் எச்சமயத்தவர் என்பதே பதிவாகவில்லை. அவர்களில் பலரும் அவர்களுடைய பிள்ளைகளும் இஸ்லாத்தைக் கண்டடைந்தது அந்த அந்நிய மண்ணில்தான். எல்லாம் பறிக்கப்பட்ட நிலையில் அவர்கள் ஏன் இந்த மார்க்கத்தைத் தேர்ந்தனர்? அந்த வீட்டில் நின்றபோது என்னை அதிகம் ஆட்கொண்ட கேள்வி இதுவே.

விடையின் முதற்பகுதி இலங்கை வழியாக வருகிறது. மக்காசரைச் சேர்ந்த ஷெய்கு யூசுஃப் (ரஹ்) பெரும் ஆலிம், சூஃபி ஞானி, பந்தன் நாட்டில் டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டவர். சிறைப்பட்ட அவரை 1684-இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். அங்கும் அவர் ஓயவில்லை, நூல்கள் எழுதினார். ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பும் கிழக்குத் தீவு மக்களின் கப்பல்கள் இலங்கையில் தங்கிச் செல்லும். அவர்கள் வழியாக அவருடைய எழுத்துகள் தாயகம் சென்றன. சிறையிலிருக்கும் ஒருவரின் பேனாவைக் கண்டு அஞ்சிய கம்பெனி, 1694-இல் அவரை அவருடைய குடும்பத்தாரோடும் சீடர்களோடும் இன்னும் தொலைவிலுள்ள கேப்புக்கு அனுப்பியது. நகரத்து மக்களோடு தொடர்பு கொள்ளாதபடி ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் வைத்தார்கள். தப்பி ஓடிய அடிமைகள் அவரைத் தேடி வந்தார்கள். 1699-இல் அவர் மறைந்தார். கேப்பைச் சுற்றிலும் இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் பல உள்ளன. அவற்றை அங்கே ‘கிராமத்’ என்கிறார்கள். வலிமார்களின் ‘கராமத்’ என்று நாம் சொல்லும் அதே சொல், அங்கு இடத்தின் பெயராகிவிட்டது.

இரண்டாம் பகுதி துவான் குருவின் வாழ்க்கை. ‘துவான்’ என்றால் மலாய் மொழியில் ஐயா. ‘குரு’ நமக்குத் தெரிந்த சொல்லே. திதோரே தீவின் அரச குடும்பத்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ்ஸலாம் என்னும் அப்பெரியாரை 1780-இல் அரசியல் கைதியாகக் கொண்டுவந்து ராபன் தீவில் அடைத்தார்கள். பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா சிறைவைக்கப்பட்ட அதே தீவு. கையில் முஸ்ஹஃப் இல்லாத அச்சிறையில் அவர் தம் நினைவிலிருந்தே குர்ஆனை முழுமையாக எழுதினார். அகீதாவையும் ஷாஃபிஈ ஃபிக்ஹையும் விளக்கும் பெருநூல் ஒன்றையும் அரபியிலும் மலாயிலுமாக 1781-இல் எழுதி முடித்தார். அவர் கைப்பட எழுதிய குர்ஆன் பிரதி இன்றும் போ-காப்பில் காக்கப்படுகிறது. பிற்காலத்தார் ஒப்பிட்டுப் பார்த்தபோது மிகச் சில பிழைகளே தென்பட்டன என்கிறார்கள்.

அக்காலத்தில் டச்சு ஆட்சியின் கீழ் வேறெந்தச் சமயத்தையும் பொதுவெளியில் பின்பற்ற உரிமை இல்லை. வீட்டுக்குள் தொழலாம், பள்ளிவாசல் எழுப்பலாகாது. விடுதலையான துவான் குரு 1793-இல் டோர்ப் வீதியில் ஒரு மதரஸாவைத் தொடங்கினார். அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து ஓதினார்கள். அவ்வீதியிலேயே நாட்டின் முதல் பள்ளிவாசலான அவ்வல் பள்ளி உருவானது. அது 1794-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. அதன் நிலம் யாருடையது தெரியுமா? ‘இலங்கையின் கோரிடோன்’ என்று பதிவேடுகளில் காணப்படும், அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட ஒருவருடையது. கேப்பில் நிலம் வாங்கிய முதல் முஸ்லிம் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவருடைய மகள் சார்ச்சி அந்தச் சொத்தைப் பள்ளிவாசலுக்கு வழங்கினார். தன் உடலே தனக்குச் சொந்தமில்லாதிருந்த ஒரு மனிதர் வாங்கிய முதல் நிலம், அவருடைய மகளின் கையால் அல்லாஹ்வின் இல்லமானது. ஸதகத்துன் ஜாரியாவுக்கு இதைவிட எளிய, இதைவிட உயர்ந்த எடுத்துக்காட்டைப் பிள்ளைகளுக்கு எங்கே காட்ட முடியும்?

மூன்றாம் பகுதி அன்றாட வாழ்வைச் சார்ந்தது. ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்கலாகாது என்று 1770-இல் கம்பெனி ஒரு சட்டம் செய்தது. ஆகவே எசமானர்கள் பலர் தம் அடிமைகள் கிறித்தவராவதை விரும்பவில்லை. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. இமாம்களோ, அரசு ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அவர்களுக்கு நிக்காஹ் செய்துவைத்தார்கள், பிறந்த பிள்ளைக்குப் பெயரிட்டார்கள், ஓதக் கற்றுக்கொடுத்தார்கள், இறந்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி மண்ணில் மரியாதையோடு வைத்தார்கள். பதிவேட்டில் ஒரு பொருளாக எழுதப்பட்டவன், பள்ளியின் ஸஃப்பில் மனிதனாக நின்றான். நாம் ஒவ்வொரு நாளும் எண்ணிப் பாராமலே செய்துவரும் இக்கடமைகள், அவர்களுக்கு மானத்தை மீட்டுத் தந்த செயல்களாக இருந்தன.

1804-இல் சமயச் சுதந்திரம் வந்தது. துவான் குரு 1807-இல் மறைந்து, நகருக்கு மேலே உள்ள தானா பாரு என்னும் மையவாடியில் அடக்கமானார். 1834-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பும் 1838 டிசம்பரில் முடிவுற்றது. பின்னர் 1886 ஜனவரியில், பெரியம்மைத் தொற்றைக் காரணம் காட்டி அந்த மையவாடியை அரசு மூடியபோது, ஏறத்தாழ 3,000 முஸ்லிம்கள் ஒரு குழந்தையின் ஜனாஸாவைச் சுமந்து சென்று தடையை மீறி அங்கேயே அடக்கம் செய்தார்கள். முன்னோர் உறங்கும் மண் அவர்களுக்கு அத்தனை முக்கியமாக இருந்தது.

இத்தனை கரைகளிலிருந்து வந்த மக்களுக்கு ‘மலாய்’ என்ற பெயர் எப்படி வந்தது? தீவுகளிலும் துறைமுகங்களிலும் வழங்கிய மலாய் மொழியே நெடுங்காலம் அவர்களிடையே பொதுமொழியாக இருந்தது. மார்க்கக் கல்வியும் அதன் வழியே நடந்தது. காலப்போக்கில் கேப்பில் ‘மலாய்’ என்றால் முஸ்லிம் என்றே பொருளாயிற்று. பின்னர் அம்மொழியை மறந்து ஆஃப்ரிகான்ஸ் பேசத் தொடங்கிய பிறகும் சில சொற்கள் போகவில்லை. நன்றி சொல்ல ‘த்ரமகாசி’ என்கிறார்கள். தயவுசெய்து என்பதற்கு ‘கனாலா’. ‘அல்லாஹ்வுக்காக’ என்னும் மலாய்த் தொடர் தேய்ந்து உருவான சொல் அது. பெருநாள் ‘லபராங்’. நோன்பு ‘புவாசா’, நம் ‘உபவாசம்’ என்ற சொல்லின் உறவுதான். ஒரு மொழி முழுவதும் உதிர்ந்த பின்னும், உதவி கேட்கவும் நன்றி சொல்லவும் நோன்பு வைக்கவும் பெருநாள் கொண்டாடவும் தேவையான சொற்கள் மட்டும் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வழக்கங்களிலும் நாம் அறிந்த முகங்கள் தெரிகின்றன. ரபீவுல் அவ்வல் மாதத்தில் பெண்கள் பள்ளிவாசலில் கூடி, எலுமிச்சை ஆரஞ்சு வகை இலைகளை மெல்லியதாக அரிந்து, நறுமண எண்ணெய் தடவிச் சிறு பொட்டலங்களாகக் கட்டும் வழக்கம் உண்டு. அப்போது மவ்லிது ஓதப்படும். தஃப் முழங்க வாளேந்தி நடத்தும் ‘ராத்திப்’ ஒன்றும் அங்கே இருக்கிறது. நாகூரில் ரிஃபாயீ ஃபக்கீர்களின் ராத்திபைக் கண்டவர்களுக்கு அது புதிதன்று. இவ்வழக்கங்கள் பற்றி ஆலிம்களிடையே நம் நாட்டில் உள்ளது போலவே அங்கும் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் புகுவது என் நோக்கமன்று. இந்துமாக்கடலின் இரு கோடிகளில் வாழும் மக்களை ஒரே வகை ஓசைகள் இணைத்திருந்தன என்பதையே குறிக்கிறேன்.

ஆனால் ஒரு பெயர் அடையாளமாகவும் இருக்கலாம், வேலியாகவும் இருக்கலாம். நிறவெறி ஆட்சி அமைந்தபோது ‘கேப் மலாய்’ என்பது அரசு வகுத்த இனப்பட்டியலில் ஓர் உட்பிரிவாயிற்று. 1957-இல் போ-காப் ‘மலாய்’ மக்களுக்கு மட்டும் உரிய பகுதி என்று அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாகப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த முஸ்லிமல்லாதோர் வெளியேற்றப்பட்டனர். சற்றுத் தொலைவிலிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியோ 1966-இல் வெள்ளையருக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டு, அங்கிருந்து 60,000-க்கும் மேற்பட்டோர் அகற்றப்பட்டனர். அவர்களில் முஸ்லிம்களும் பெருந்தொகையினர். போ-காப் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1978-இல், அதே ஆட்சியின் காலத்தில்தான். அன்று அது காட்ட விரும்பியது, அழகிய ஆடையணிந்த, தனித்ததோர் ‘மலாய்’ குடும்பத்தின் ஓவியம். அடிமைத்தனமும் நாடுகடத்தலும் பல இனக் கலப்பும் அவ்வோவியத்தில் மங்கலாகவே இருந்தன என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. ஜனநாயகம் மலர்ந்த பின் அந்த வரலாற்றை முழுமையாகச் சொல்லும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நம் கதையை நாம் சொல்லாவிட்டால் பிறர் சொல்வார்கள். தமக்கு வசதியான அளவுக்குச் சொல்வார்கள். மனிதர்களைக் குலங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் போதனை. பெயர்ப்பலகை மாட்டிப் பிரித்து வைப்பதற்காக அன்று.

அவ்வருங்காட்சியகத்தில் தொடங்கி அங்குள்ள பெரியவர்களோடு பேசியதுவரை நான் அறிந்தவற்றுள், என் நெஞ்சில் ஆழப் பதிந்தது கேப் மதரஸாக்களின் குறிப்பேடு பற்றிய செய்தி. அதை ‘கோப்லெஸ் புக்’ என்பார்கள். தலையில் ஏற்ற வேண்டிய பாடங்களின் புத்தகம் என்று பொருள் கொள்ளலாம். ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதி, மனனம் செய்து, ஒப்பிப்பர். தொடக்கத்தில் அது அரபி எழுத்தில் எழுதிய மலாய். பின்னர், பிள்ளைகள் வீட்டில் பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியையே அரபி எழுத்தில் எழுதலானார்கள். 1862-இல் உஸ்மானியப் பேரரசு கேப் முஸ்லிம்களுக்காக அனுப்பிய அபூபக்ர் எஃபெண்டி என்னும் ஆலிம், ‘பயானுத்தீன்’ என்ற ஃபிக்ஹு நூலை இம்முறையில் எழுதினார். 1877-இல் இஸ்தான்புல்லில் அது அச்சேறியது. ஆஃப்ரிகான்ஸ் மொழியின் மிகத் தொன்மையான நூல்களுள் ஒன்று, அரபி எழுத்தில் அமைந்த ஒரு மார்க்க நூல் என்பது அந்நாட்டவர் பலருக்கே வியப்பளிக்கும் செய்தி. எஃபெண்டி ஹனஃபி மத்ஹபின் வழி நின்று சிங்கி இறாலை ஆகாது என்று சொல்ல, ஷாஃபிஈகளான கேப் மீனவக் குடும்பங்களில் பெரும் சர்ச்சை மூண்டதாம். இறால் பற்றிய வாதம் நம் விருந்துகளில் மட்டும் எழுவது என்று இதுவரை எண்ணியிருந்தோர் புன்னகைக்கலாம்.

அரபி எழுத்தில் ஆஃப்ரிகான்ஸ் என்றதுமே உங்களுக்கும் அரபுத்தமிழ் நினைவுக்கு வந்திருக்கும். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் உருவாக்கிய எழுத்துமுறை அது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் மகானி, ஃபத்ஹுத் தய்யான் போன்ற நூல்கள் இம்முறையில் எழுந்தவையே. கேப்பில் துவான் குரு எழுதிய ஷாஃபிஈ ஃபிக்ஹையே நம் கரையில் மகானியின் வழியே நம் பாட்டிமார் ஓதினார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு சமுதாயங்கள் ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன: மார்க்கம், பிள்ளை கனவு காணும் மொழியில் அதன் செவிக்குச் சென்று சேர வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இது ஏட்டளவிலான செய்தி அன்று. நாகூரில் பாட்டியாரின் பழைய வீட்டுக்கு விலை பேசி முடித்தபோது, பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கியது. மகானி, மவ்லிது ஏடுகள், அட்டை கிழிந்த தாலாட்டுத் தொகுப்பு, பாட்டியார் தம் கைப்பட அரபுத்தமிழில் எழுதிய துஆக் குறிப்பேடு. ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்திற்குக் கொடுத்துவிடலாம். கரையானிடமிருந்தாவது தப்பும் என்பது என் மாமாமார்களின் கருத்து. “கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார்கள்” என்பது என் உம்மாவின் வாதம். எங்கள் தலைமுறைக்கு மேலே, அவ்வெழுத்தைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர் குடும்பத்தில் இப்போது உம்மா ஒருவர்தான். அவருக்கு வயது எழுபத்து மூன்று.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கேப் டவுனிலிருந்து திரும்பிய பின் நான் சொன்னது இதுதான்: அங்கே துவான் குருவின் கையெழுத்துப் பிரதி கண்ணாடிக்குள் இருக்கிறது, அதில் உள்ள குர்ஆனோ இரு நூற்றாண்டுகளாகப் பிள்ளைகளின் நாவில் இருக்கிறது. கண்ணாடி காத்தது தாளை; வீடுகள் காத்தது ஓதலை. இரண்டும் வேண்டும். ஆனால் முதலாவது மட்டும் நடந்து இரண்டாவது நின்றுபோனால், தாள் வெறும் காட்சிப் பொருளாகிவிடும். கோப்லெஸ் புத்தகங்களுக்கு அதுதான் நேர்ந்திருக்கிறது. அவற்றைத் தேடிச் சேகரிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சரளமாகப் படிக்கும் பேரப்பிள்ளைகள் அருகிவிட்டார்கள்.

முடிவில், பெட்டியிலிருந்த அனைத்தையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமித்தோம். அச்சு நூல்களை அவற்றைப் பேணத் தெரிந்த ஒரு நூலகத்துக்கு வழங்குவது என்று குடும்பம் இசைந்தது. பாட்டியாரின் துஆக் குறிப்பேடு மட்டும் உம்மாவிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் மஃரிபுக்குப் பின் என் பிள்ளைகளும் என் தம்பியின் பிள்ளைகளும் உம்மாவைச் சுற்றி அமர்கிறார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கற்க வேண்டியவை ச, ப, ங, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கான சில எழுத்துகளே. நான்காம் வாரத்தில் என் மகள், பாட்டியாரின் தாய் எழுதிய உணவுக்கு முந்திய துஆவின் தமிழ் விளக்கத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். தான் பார்த்திராத ஒரு பெண் எழுதியதை அவளுடைய கொள்ளுப்பேத்தி படித்த அந்தக் கணத்தில், உம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

போ-காப்பின் கதை இன்னும் முடியவில்லை. நகர மையத்திற்கு அருகில் இருப்பதால் அங்கே மனைவிலை ஏறிக்கொண்டே போகிறது. உயர்ந்த கட்டடங்கள் நெருங்குகின்றன. வரியும் வாடகையும் தாங்க மாட்டாமல் பழைய குடும்பங்கள் இடம்பெயர நேர்கிறது. 2018-ஆம் ஆண்டு ரமளானில் அம்மக்கள் தெருக்களில் பாய் விரித்து, ஒன்றாக அமர்ந்து நோன்பு திறந்து தம் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். 2019-இல் அப்பகுதிக்கு மரபுப் பாதுகாப்பு கிடைத்தது. அங்குள்ள 19 இடங்கள் தேசிய மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் சுவர்களைப் பாதுகாக்கும் சட்டம், சுவர்களுக்குள் வாழும் குடும்பத்தைத் தானே பாதுகாத்துவிடாது. முஸ்லிம் குடும்பங்கள் இல்லாத போ-காப்பில் வண்ணச் சுவர்கள் மட்டும் எஞ்சினால், ஊரே ஓர் அருங்காட்சியகமாகிவிடும். இந்த அச்சம் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் நாகூருக்கும் அதிராம்பட்டினத்துக்கும் அந்நியமானதன்று. பிழைப்புக்காக வளைகுடாவிலும் கிழக்கிலும் மேற்கிலும் சிதறி வாழும் நாம், பூட்டிய வீடுகளின் சாவிகளை எத்தனை பேர் வைத்திருக்கிறோம்!

பிறந்த ஊர், தாய்மொழி, தந்தையின் பெயர் அனைத்தையும் இழந்தவர்கள் தீனை இழக்காமல் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்தார்கள். அவர்களிடம் இருந்தது நினைவாற்றல், ஒரு பாய், மாலை வேளையில் ஒரு மணி நேரம். நம்மிடம் இவையனைத்தும் இருக்கின்றன. ஊரும் மொழியும் பெயரும்கூட இருக்கின்றன. ஆகவே, உங்கள் வீட்டில் பழைய கிதாபுகள் இருந்தால் அவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஹயாத்தோடு இருக்கும்போதே அவரருகில் பிள்ளைகளை அமர வையுங்கள். பெட்டி இல்லாத வீட்டிலும் பெரியவர்களின் நினைவு இருக்கும். கொள்ளுப்பாட்டனார், கொள்ளுப்பாட்டியார் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் ஓதிய துஆ எது, யாரிடம் ஓதினார்கள், எந்தப் பள்ளிக்கு என்ன வக்ஃபு செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். வேல் வீதி வீட்டின் சுவர்களில் உள்ள நிழற்படங்களை நோக்கும்போது, அவர்களுடைய முன்னோர் பலரின் இயற்பெயரைக் கேட்டு எழுதிவைக்க அன்று யாருமில்லை என்பதே என்னை வருத்தியது.

பெயர் தெரியாத அந்த மனிதர்கள் அனைவரையும் அவர்களைப் படைத்தவன் அறிவான். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் இழுத்துச் செல்லப்பட்டு, அவனையே பற்றி நின்று மறைந்தோரின் கப்ருகளை அவன் ஒளிமயமாக்குவானாக. அவர்கள் காத்துத் தந்ததைப் போல நாமும் நம் சந்ததிக்குக் காத்துத் தரும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.